கிலுகிலுப்பைப் பாம்பைப் பார்த்த பிறகு நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: நாங்கள் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் வசிக்கிறோம். செங்கல்பட்டு மாவட்டத்தில் விவசாயம் செய்யும் என் அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்குவதற்காக மார்ச் கடைசியில் வந்திருக்கிறார்கள். சென்ற சனிக்கிழமை மாலை சான் டான் மலைப் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு புதரடியிலிருந்து விடாமல் ஒரு சத்தம் வந்தது. ஏதோ பூச்சி என்று நினைத்து நெருங்கினோம். சுருண்டு கிடந்தது ஒரு ரேட்டில்ஸ்நேக், அதாவது கிலுகிலுப்பைப் பாம்பு. என் ஏழு வயது மகன் அதைப் பார்க்க ஓடினான். அப்பா கல்லை எடுத்துவிட்டார். எதிரே வந்த ஒருவர்தான் சத்தம் போட்டு எங்களைத் தடுத்தார். அன்றிலிருந்து அம்மா வெளியே வர மறுக்கிறார். அப்பா, "கண்ட பாம்பை அடிக்காமல் விட்டதுதான் தப்பு" என்கிறார். கணவர் இணையத்தில் விஷத்தை உறிஞ்சியெடுக்கும் பம்ப் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். நாங்கள் வெளியே போவதை நிறுத்த வேண்டுமா? மறுபடி பார்த்தால் என்ன செய்வது? கடித்துவிட்டால் அந்தப் பம்ப் உதவுமா? அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸ் மட்டுமே உள்ளது. மருத்துவமனைச் செலவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

அன்று அந்தப் புதரடியில் கிடந்த பாம்பு தன் இயல்புப்படியே நடந்துகொண்டது. நீங்கள் மிதித்துவிடும் தூரத்துக்கு வருவதற்கு முன்பே ஒலி எழுப்பியது, சுருண்ட இடத்தைவிட்டு நகரவில்லை, யாரையும் துரத்தவில்லை. உண்மையான ஆபத்து நேர்ந்தது, உங்கள் மகன் அதை நோக்கி ஓடிய சில வினாடிகளிலும், உங்கள் அப்பா கல்லை எடுக்கக் குனிந்த நேரத்திலும்தான். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அரிசோனாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் மருத்துவர் என்ற முறையில் எனக்குத் திரும்பத் திரும்ப வருத்தம் தருபவை இரண்டு: பாம்பைப் பார்த்த பிறகும் விலகாமல் நின்றதால் பட்ட கடி, கடிபட்ட பிறகு நல்ல எண்ணத்தோடு செய்த கைவைத்தியத்தில் போன நேரம். மத்திய அரிசோனாவில் இந்தப் பாம்பிடம் கடிபட்டவர்களைப் பற்றி 1989-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அது பாம்பு என்று தெரிந்த பிறகும் விலகிப் போக முயலாதவர்கள் என்று காட்டியது. உங்கள் கேள்விகளுக்கான விடையும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது.

முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: நடப்பதை நிறுத்த வேண்டாம். அமெரிக்காவில் ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 பேர் வரை நச்சுப் பாம்புகளிடம் கடிபடுகிறார்கள் என்றும், அவர்களில் ஐந்து பேர் அளவில்தான் இறக்கிறார்கள் என்றும் இந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் என்பது 2020-இல் வெளியான ஆய்வின் மதிப்பீடு. நெல் வயலில் கண்ணாடி விரியனையும், இரவில் பாய்மேல் ஊர்ந்து வரும் கட்டுவிரியனையும் அறிந்து வளர்ந்த உங்கள் அப்பாவின் அச்சம் அந்த மண்ணில் பிறந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள பாம்பு சாதுவானது என்பதால் இங்கே சாவு குறைந்துவிடவில்லை. இறப்பு குறைந்ததற்குப் பெருங்காரணம், கடிபட்டவர் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்துக்குள் முறிமருந்து உள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதுதான். ஆகவே இந்தப் பாம்பை லேசாக எண்ணவும் வேண்டாம், அதற்காக வீட்டுக்குள் அடைந்து கிடக்கவும் வேண்டாம்.

அரிசோனாவில் 13 வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் உள்ளன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை வகைகள் இல்லை. நீங்கள் வசிக்கும் பகுதியில் அதிகம் தென்படுவது வெஸ்டர்ன் டயமண்ட்பேக். முதுகில் கட்டம் கட்டமாகச் சாய்சதுரக் குறிகளும், வாலில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் வளையங்களும் இருக்கும். ஏறத்தாழ இதே தோற்றத்தில் மொஹாவி என்ற வகையும் அதே பாலைநிலத்தில் வாழ்கிறது. அதன் நஞ்சு நரம்புகளையும் தாக்கக்கூடியது. இரண்டையும் பிரித்தறிய நீங்கள் மெனக்கெட வேண்டியதில்லை. நடந்துகொள்ள வேண்டிய முறை இரண்டுக்கும் ஒன்றே, மருந்தும் ஒன்றே.

பாம்பு எப்போது வெளியே வரும் என்பதைத் தெரிந்துகொள்வது அதைவிடப் பயனுள்ளது. பாம்புக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. வெளியிலிருந்துதான் பெற வேண்டும். அதனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதமான வெயில் நேரத்தில் பகலிலேயே நடமாடும். நீங்கள் மாலையில் பார்த்தது அப்படித்தான். மே மாதத்துக்குப் பிறகு பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதுவும் பாறை இடுக்கிலும் எலி வளையிலும் ஒதுங்கிவிட்டு, அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் விடியற்காலையிலும் வெளிவரும். கவனியுங்கள், வெயிலுக்குப் பயந்து நாம் நடக்கத் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதுவேதான். உங்கள் பெற்றோர் தங்கப்போகும் மாதங்களில் பெரும்பகுதி இப்படிப்பட்டதாகவே இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தை ஒட்டிக் குட்டிகள் பிறக்கும். இந்தப் பாம்பு முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. பிறந்த குட்டிக்கு வால் நுனியில் ஒரே ஒரு கணு மட்டும் இருப்பதால் அதனால் ஒலி எழுப்ப முடியாது, ஆனால் கடிக்க முடியும். பெரிய பாம்பைவிடக் குட்டியின் கடி கொடியது என்று இங்கே பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது சரியல்ல, பெரிய பாம்பிடம் நஞ்சு அதிகம், அதன் கடியே பொதுவாகக் கடுமையாக இருக்கும்.

சத்தம் கேட்டால்தான் பாம்பு இருக்கிறது என்று நம்பி நடப்பதும் தவறு. வாலில் உள்ள கிலுகிலுப்பை நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன வெற்றுக் கணுக்களின் வரிசை. தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணு கூடும், பழைய கணுக்கள் உடைந்தும் போகும். வாலை நொடிக்குப் பல பத்து முறை அதிரவைக்கும்போது கணுக்கள் ஒன்றோடொன்று உரசி அந்த ஒலி எழுகிறது. ஆனால் இந்தப் பாம்பின் முதல் தற்காப்பு ஒலி அல்ல, அசையாமல் கிடப்பது. மண்ணின் நிறத்தோடு நிறமாகக் கிடந்து, ஆள் கடந்து போகட்டும் என்று காத்திருக்கும். நீங்கள் பார்த்திராத எத்தனையோ பாம்புகள் இப்படி உங்களைப் போகவிட்டிருக்கும். எனவே காதைவிடக் கண்ணை நம்புங்கள். பாதையின் நடுவில் நடக்க வேண்டும். கைபேசியைப் பார்த்தபடி நடக்கக் கூடாது. பாதத்தை வைக்கும் இடமும் கையை ஊன்றும் இடமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாறையில் உட்காருவதற்கு முன் அதன் அடியையும் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். பாதையில் கிடக்கும் கட்டையை அப்படியே தாண்டாமல், அதன்மேல் ஏறி நின்று மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் செருப்போடு நடப்பவர்களாக இருந்தால் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: கணுக்காலை மூடும் ஷூ, தடித்த சாக்ஸ், நீளமான தளர்ந்த பேன்ட். அம்மா புடவையில்தான் நடப்பார் என்றால் அதற்குக் கீழே ஷூவாவது இருக்கட்டும். இருட்டத் தொடங்கினால் ஆளுக்கொரு டார்ச் வேண்டும். நம் ஊரில் இரவில் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள். அதைச் செய்வதில் தவறில்லை, ஆனால் அசையாமல் கிடப்பதையே வழக்கமாகக் கொண்ட இந்தப் பாம்பு தட்டலுக்கு விலகிவிடும் என்று எண்ணி டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது.

மறுபடி பாம்பைக் கண்டால், அல்லது அந்த ஒலி கேட்டால், முதலில் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஒலி வரும் திசை சட்டென்று பிடிபடாது. பதறிக் குதித்தால் பாம்பின் மேலேயே குதித்துவிட நேரலாம். நின்று, கண்ணால் தேடி, அது இருக்கும் இடம் தெரிந்த பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். இந்தப் பாம்பு பொதுவாகத் தன் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கடிக்கும். வளர்ந்த டயமண்ட்பேக் மூன்று நான்கு அடி நீளம் இருக்கும். அதைவிடப் பெரியவையும் உண்டு. ஆகவே ஆறடிக்குக் குறையாத இடைவெளி வேண்டும், பத்தடி என்றால் இன்னும் நல்லது. பாம்பு பாதைக்குக் குறுக்கே கிடந்தால் அது போகும்வரை காத்திருங்கள். போகவில்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சுற்றிக்கொண்டு போகிறேன் என்று புதருக்குள் இறங்காதீர்கள், அங்கே இன்னொன்று இருக்கலாம். படம் எடுப்பதானால் நின்ற இடத்திலிருந்தே எடுங்கள்.

மகனிடம் பயமுறுத்திப் பேச வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளைக்குப் பாம்பைப் பார்க்கும் ஆசை இருப்பது இயல்பு, அது நல்ல ஆசையும்கூட. "பார்த்ததும் நில், தொடாதே, பெரியவர்களைக் கூப்பிடு" என்று மூன்றே சொற்றொடர்களில் சொல்லி, வீட்டிலேயே ஒரு கயிற்றைத் தரையில் போட்டு விளையாட்டாகச் சில நாள் பழக்குங்கள். பாதையில் போகும்போது பெரியவர் ஒருவர் எப்போதும் அவனுக்கு முன்னால் நடக்கட்டும்.

இனி உங்கள் அப்பா. அவரிடம் இதைப் படித்துக் காட்டினால் மகிழ்வேன். ஐயா, உங்கள் ஊரில் வீட்டுக்குள் புகுந்த பாம்பை அடிப்பதற்கு உங்களுக்கு இருந்த காரணம் இந்த மலைப்பாதையில் இல்லை. இங்கே அது தன் இடத்தில் இருக்கிறது. நாம்தான் நடந்து கடந்து போகிறவர்கள். கல்லோடு நெருங்குகிறவர், பாம்பு தானாக ஒருபோதும் வந்திருக்காத தூரத்துக்குத் தாமே போகிறார். அடித்துக் கொன்றுவிட்டாலும் ஆபத்து தீர்வதில்லை. தலை துண்டான பாம்புகூட நெடுநேரம் அனிச்சையாகக் கடிக்கும். செத்துவிட்டது என்று எண்ணிக் கையில் எடுத்த பாம்பிடம் கடிபட்டவர்களைப் பற்றி இதே அரிசோனா மருத்துவர்கள் 1999-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் சில வகைப் பாம்புகளைக் கொல்வது சட்டப்படி குற்றம் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். அதோடு, இங்கே அடிபட்டுச் சாகும் பாம்புகளில் பல நச்சே இல்லாத கோஃபர் பாம்புகள். அவை மிரண்டால் சருகில் வாலை அடித்துக் கிட்டத்தட்ட இதே ஒலியை எழுப்பும். உங்கள் மாவட்டத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் நடந்துவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். பாம்பை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்த அந்த மக்கள் அதைக் கொல்லாமல் பிடித்து, முறிமருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்பை விட்டு விலகுவது கோழைத்தனம் என்று அவர்களில் யாரும் சொல்லமாட்டார்கள்.

கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்மிடையே தவறான பழக்கங்கள் அதிகம் இருப்பது இங்கேதான். முதலில் பாம்பைவிட்டு விலகுங்கள்; அது மறுபடியும் கடிக்கலாம். உடனே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். எந்தப் பாதையில், எந்த மைல் குறிக்கு அருகில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். பாதை தொடங்கும் இடத்தில் உள்ள வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அப்போது கைகொடுக்கும். கடிபட்டவரை உட்காரவோ படுக்கவோ வையுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அதிகம் அசைக்காமல், ஏறத்தாழ நெஞ்சு மட்டத்தில் தளர்வாக வைத்திருங்கள். பிறகு வீக்கம் ஏறுவதற்கு முன் இறுக்கமான எல்லாவற்றையும் கழற்றுங்கள். இது நம் அம்மாக்களுக்கு மிக முக்கியம். பாதத்தில் கடிபட்டால் மெட்டியையும் கொலுசையும், கையில் கடிபட்டால் வளையலையும் மோதிரத்தையும் முதல் சில நிமிடங்களிலேயே எடுத்துவிட வேண்டும். மெட்டியைக் கழற்றக் கூடாது என்று அம்மா தயங்கினால், வீங்கிய விரலில் அது இறுகி ரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும், பிறகு கருவியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே பக்குவமாகச் சொல்லிவையுங்கள். ஒரு பேனாவால் வீக்கத்தின் விளிம்பில் கோடு போட்டு, பக்கத்தில் மணியைக் குறியுங்கள். மருத்துவமனையிலும் நாங்கள் இதையே செய்கிறோம். காலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப்போகும் அந்தக் கோடுகளையும், ஒவ்வொன்றின் அருகில் எழுதிய நேரத்தையும், நாடாவால் அளந்த சுற்றளவையும் பார்த்துத்தான் நஞ்சு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, மருந்து போதுமா என்று முடிவு செய்கிறோம்.

கைபேசிக்கு சிக்னல் இல்லாத இடமாக இருந்தால், ஒருவர் மட்டும் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அழைக்கலாம். அதுவும் முடியாதென்றால் கடிபட்டவரைத் தாங்கிப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வருவது, அங்கேயே மணிக்கணக்கில் காத்திருப்பதைவிட நல்லது. கடிபட்டவர் எந்த நிலையிலும் கார் ஓட்டக் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். வட அமெரிக்காவின் எந்தக் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தாலும் தருவது அதே முறிமருந்துகளைத்தான்.

உங்கள் கணவர் வாங்கிய பம்ப் உதவாது. நஞ்சு, கடிபட்ட நொடியிலேயே திசுக்களுக்குள் பரவிவிடுகிறது. 2004-இல் வெளியான சோதனை ஒன்றில், நஞ்சுக்குப் பதிலாக ஆபத்தில்லாத ஒரு திரவத்தைத் தோலுக்கடியில் செலுத்தி இத்தகைய பம்பால் உறிஞ்சிப் பார்த்தார்கள். வெளியே வந்தது ஒன்றுமில்லை என்று சொல்லத்தக்க அளவே. அதை வைத்து உறிஞ்சும் நேரமும், அதனால் தோலில் ஏற்படும் காயமும்தான் மிச்சம். வாயால் உறிஞ்சுவது, பிளேடால் கீறுவது, ஐஸ் வைப்பது, கயிற்றாலோ துணியாலோ இறுகக் கட்டுவது எல்லாம் தீங்கு. இறுகக் கட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லோரும் முதலில் செய்வது அதையே. இந்தப் பாம்பின் நஞ்சு கடிபட்ட இடத்தின் தசையையும் ரத்தக் குழாய்களையும் அரிக்கும் தன்மை கொண்டது. கட்டுப்போட்டு அதை ஒரே இடத்தில் தேக்கினால் அந்த இடம் அழுகும் அபாயம் கூடுகிறது, கையையோ காலையோ இழக்கும் அபாயமும் உண்டு.

வலி, ஏறிக்கொண்டே போகும் வீக்கம், கன்றிப்போன நிறம் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். வாயைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் உலோகச் சுவை, தசைகள் துடிப்பது, வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் இவற்றில் ஏதேனும் இருந்தால் 911 தொடர்பில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். எந்த அறிகுறியும் இல்லையென்றாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில கடிகளில் நஞ்சு இறங்காமலே போவதுண்டு, ஆனால் அதை வீட்டில் இருந்துகொண்டு தீர்மானிக்க முடியாது. குறைந்தது 8 முதல் 12 மணி நேரம் கண்காணிப்பில் வைத்து, ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்த பிறகே சொல்ல முடியும். சின்ன உபாதைகளுக்கு நாம் ஓடும் அர்ஜென்ட் கேர் கிளினிக்குகள் இதற்குப் பயன்படாது. அங்கே முறிமருந்து இருக்காது. என்ன செய்வதென்று குழப்பமாக இருந்தால் 1-800-222-1222 என்ற நச்சுக் கட்டுப்பாட்டு மைய எண் நாள் முழுவதும் இலவசமாக இயங்குகிறது. ஆனால் கடி என்று தெரிந்துவிட்டால் முதல் அழைப்பு 911-க்கே இருக்கட்டும்.

இங்கே இரண்டு முறிமருந்துகள் பயன்பாட்டில் உள்ளன. ஒன்று செம்மறி ஆட்டின் உடலிலிருந்து பெறும் க்ரோஃபேப். 2000-இல் அனுமதி பெற்றது. மற்றொன்று குதிரையிடமிருந்து பெறும் அனாவிப். 2015-இல் அனுமதி பெற்றது. க்ரோஃபேப் தயாரிப்பில் பப்பாளியிலிருந்து எடுக்கும் நொதி பயன்படுகிறது. வீட்டில் யாருக்காவது பப்பாளி ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்ததல்ல, இறங்கிய நஞ்சைப் பொறுத்தது. ஆகவே உங்கள் மகன் அளவுள்ள பிள்ளைக்கும் பெரியவருக்குத் தரும் அளவே தரப்படும், அதைக் கண்டு பதற வேண்டாம். முறிமருந்து, நஞ்சு மேலும் பரவாமல் தடுக்கும். அதுவரை சிதைந்த தசையை அதனால் மீட்டுத் தர முடியாது. நேரத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் அப்பாவின் ஸ்டென்ட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இந்தப் பாம்பின் நஞ்சு ரத்தத் தட்டணுக்களையும், ரத்தம் உறைவதற்கான புரதத்தையும் குறைத்துவிடும். ஸ்டென்ட் வைத்தவர்கள் பொதுவாக ஆஸ்பிரினும், சிலர் அதோடு க்ளோபிடோக்ரெலும் சாப்பிடுவார்கள். இவை ரத்தம் எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்பவை. நஞ்சும் இந்த மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். அதற்காகப் பாம்பை நினைத்து இப்போது மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அது இதயத்துக்கு ஆபத்து. மாத்திரைகளின் பெயர், அளவு, ஸ்டென்ட் வைத்த தேதி ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையிலும் உங்கள் கைபேசியிலும் வையுங்கள். கடிபட்டால் மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை மருத்துவமனையில் இதய மருத்துவரோடு கலந்து முடிவு செய்வார்கள். வலிக்கு இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை நீங்களாகத் தர வேண்டாம். வீடு திரும்பிய பிறகும் முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்குச் சொன்ன நாட்களில் தவறாமல் போக வேண்டும். சரியாகிவிட்டதாகத் தோன்றிய பிறகு தட்டணுக்கள் மறுபடி குறைவது இந்தக் கடியில் உண்டு. பல் பிடுங்குவது போன்றவற்றையும் மருத்துவர் சரியென்று சொல்லும் வரை தள்ளிப்போடுங்கள்.

செலவைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. முறிமருந்து ஒரு குப்பிக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகலாம், ஒருவருக்குப் பல குப்பிகள் தேவைப்படும், மொத்த பில் லட்சம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். 1986-இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டத்தின்படி, இந்நாட்டில் அவசரப் பிரிவு உள்ள ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும், இன்சூரன்ஸ் உண்டா, பணம் உண்டா, எந்த விசா என்று பாராமல், அவசர நிலையில் வருபவரைப் பரிசோதித்து உயிராபத்து நீங்கும்வரை சிகிச்சை தந்தாக வேண்டும். பணப் பேச்சு அதற்குப் பிறகுதான். லாப நோக்கில்லாத மருத்துவமனைகளில் நிதியுதவித் திட்டம் இருக்கும். விண்ணப்பித்துக் கேட்க வேண்டும், பில்லைக் குறைக்கச் சொல்லிப் பேசவும் செய்யலாம். "மருமகனுக்குச் செலவு வைக்கக் கூடாது" என்று நினைத்து வலியை வெளியே சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும் பெற்றோர் நம்மில் உண்டு. அவர்களுக்கு இதை இன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கூடவே, வாங்கியிருக்கும் விசிட்டர் இன்சூரன்ஸின் விவரத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகையை முன்கூட்டியே வரையறுத்த திட்டமாக இருந்தால் அது இத்தகைய பில்லில் சிறு பகுதியைத்தான் தாங்கும். செலவில் பெரும்பகுதியை உச்சவரம்பு வரை ஏற்கும் விரிவான திட்டத்துக்கு மாற முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டைச் சுற்றி நம்மவர்கள் பூண்டு நசுக்கி வைப்பது, மண்ணெண்ணெய் தெளிப்பது, கந்தகம் தூவுவது எல்லாம் பலன் தராது. பாம்பு வருவது எலிக்காகவும் நிழலுக்காகவும்தான். பறவைகளுக்கு இறைத்த தானியம் தரையில் சிந்தாமலும், சுவரோரம் கட்டை குவியாமலும், கேட்டுக்குக் கீழே இடைவெளி இல்லாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். கொல்லைப்புறத்தில் பாம்பு வந்துவிட்டால் தூரத்தில் ஒருவர் நின்று அதன்மேல் கண் வைத்திருக்க, மற்றவர் ஊர்த் தீயணைப்புத் துறையையோ பாம்பு அகற்றும் சேவையையோ அழைக்கட்டும்.

கடைசியாக அம்மா. அவரை நேரே மலைப்பாதைக்கு அழைக்க வேண்டாம். சாண்ட்லரிலேயே உள்ள வெட்டரன்ஸ் ஓயாசிஸ் பூங்காவில் ஏரியைச் சுற்றி அகலமான பாதை இருக்கிறது. இருபுறமும் தரை நன்றாகத் தெரியும். பாம்பே இல்லாத இடம் என்று பாலைநிலத்தில் எதையும் நான் சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே அடியெடுத்து வைக்கும் இடம் எப்போதும் கண்ணில் இருக்கும். வெளிச்சம் வந்த பிறகு, காலை ஏழு மணியளவில், புது ஷூ போட்டுக்கொண்டு சிறிது தூரம் நடந்து பழகட்டும். சில நாட்களில் நடை கைவந்த பிறகு, அவர் விரும்பினால் மட்டும் சான் டானுக்குக் கூட்டிப் போங்கள். அப்போதும் குறுகலான கிளைப்பாதைகளை விட்டுவிட்டு அகலமான பாதையில் நடந்து, சூரியன் மறைவதற்கு அரைமணி நேரம் முன்பே காருக்குத் திரும்பிவிடுங்கள்.